நகரும் ஆதாரம்: செவன்த் கார்டும் தமிழ்ச் செவியும்

1. கேள்வி

ஆர்மோனியத்தில் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகிய நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் அது மகதி ராகம். அதே நான்கையும் ஒருசேர அழுத்தினால் அது டாமினன்ட் செவன்த் கார்டு. கோவையில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றுவிட்டுக் கீபோர்டுக்கோ கிடாருக்கோ வரும் பிள்ளைகளுக்கு முதலாவது சிக்கலே இல்லை. நிஷாதம் கைசிகியா காகலியா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதில் தடுமாறுகிறார்கள். சாதாரண மேஜர், மைனர் கார்டுகளைப் பிரித்தறியும் செவி, நான்காவது சுரம் ஒன்று சேர்ந்ததும் குழம்பிப் போகிறது.

சுரங்கள் தெரிந்தவைதாம். இடைவெளிகளும் தெரிந்தவைதாம். பிறகு எது தெரியாமல் போகிறது? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுவே. கொங்கு நாட்டின் இசை வரலாற்றிலிருந்து கிடைக்கும் சில சான்றுகள், இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகளை மறுபரிசீலனை செய்ய வைக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் ஒரு தெளிவு. செவன்த் கார்டு என்பது ஓர் அடிச்சுரத்தின் மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிய நான்கு சுரங்களின் கூட்டு. அடிச்சுரத்தைச் ‘ச’ என்று கொண்டால் ச, க, ப, நி. காந்தாரமும் நிஷாதமும் எந்த வகை என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும் இருந்தால் மேஜர் செவன்த். அந்தர காந்தாரத்தோடு கைசிகி நிஷாதம் வந்தால் டாமினன்ட் செவன்த். வெறுமனே ‘செவன்த்’ என்றால் வாத்தியக்காரர்கள் குறிப்பது இதைத்தான். சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்தால் மைனர் செவன்த். அந்த மைனர் செவன்த்தில் பஞ்சமத்தை இறக்கிப் பிரதி மத்யமத்தில் வைத்தால் ஹாஃப் டிமினிஷ்ட். அதன் நிஷாதத்தையும் ஒரு படி இறக்கிச் சதுச்ருதி தைவதத்தில் வைத்தால் டிமினிஷ்ட் செவன்த். முக்கியமான ஐந்து இவை.

2. வழக்கமான விடைகள்

முதல் விடை பண்பாட்டுக் காரணம் சொல்வது. நம் இசை வரிசையாக ஓடும் இசை, மேலைநாட்டு இசை அடுக்காக நிற்கும் இசை, ஆகவே நம் செவிக்கு அடுக்கு பிடிபடாது என்பது அதன் சாரம். இதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவின் மந்தர சட்ஜத்தில் அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பதை நம் வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அது அக்கம்பியின் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம். ஏழு மடங்கில் இன்னொன்றும் மெலிதாக ஒலிக்கிறது; அது ஆர்மோனியத்தின் கைசிகி நிஷாதத்தைவிட ஏறத்தாழ 31 சென்ட் தாழ்ந்த நிஷாதம். ஒலிக்குள் ஒலியாகக் காந்தாரத்தைப் பிரித்துக் கேட்கும் செவிக்கு அடுக்கு புரியாது என்பது பொருந்தவில்லை.

இரண்டாவது விடை இடைவெளிக் கணக்கு. ஒவ்வொரு சோடிச் சுரத்தின் தூரத்தையும் தனித்தனியே கேட்கப் பழகினால் கார்டு தானே விளங்கும் என்கிறது. ஆனால் நான்கு சுரங்களுக்குள் ஆறு சோடிகள் உள்ளன. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறையும் அளக்க நேரம் கிடைக்காது. மேலும், ச-க-ப-நி என்ற வரிசை நி-ச-க-ப என்று புரண்டு வந்தால் மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து அளக்கும் தூரம் எல்லாமே மாறிவிடும். கணக்கை மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார்.

மூன்றாவது விடை உணர்ச்சிச் சாயல். மேஜர் செவன்த் கனவுபோல, டாமினன்ட் பதற்றம்போல, மைனர் செவன்த் மென்சோகம்போல என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி. தொடக்கத்தில் இது உதவும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் சாயல் கார்டுக்குள் குடியிருப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் டாமினன்ட் செவன்த்தே வீடு. பாட்டு அதில் தொடங்கி அதிலேயே நிம்மதியாக முடியும். மொஸார்ட்டின் படைப்பில் அதே கார்டு வீட்டுக்குப் போகத் துடிக்கும் கார்டு. நான்கு சுரங்கள் ஒன்றே. அவற்றின் குணம் அவை நிற்கும் நிலத்தைப் பொறுத்தது. இந்த ‘நிலம்’ என்ற சொல்லிலிருந்தே என் வாதம் தொடங்குகிறது.

3. சிங்காநல்லூர் ஆர்மோனியம்

தமிழ்ச் செவிக்குக் கார்டு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடினால், ஒரு பாதை கோவைச் சிங்காநல்லூரின் சென்ட்ரல் ஸ்டுடியோ வழியாகப் போகிறது. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ். விசுவநாதன் அங்கே ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியம் இருந்த அறையில்தான் அவர் இசையமைப்பைக் கற்றது. 1948இல் வந்த ‘அபிமன்யு’ படத்தில் விசுவநாதன் போட்ட மெட்டு ஒன்று நாயுடுவின் பெயரிலேயே வெளியானதும், ஜூபிடர் நிறுவனம் சென்னைக்குக் கிளம்பியபோது நாயுடுவே அந்த உண்மையைச் சொல்லி அவரையும் அழைத்துப் போகச் செய்ததும் திரையிசை வரலாற்றில் பலமுறை பதிவாகியிருக்கின்றன.

நான் இங்கே கவனிக்க விரும்புவது அந்தக் கருவியை. அதே காலத்தில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. 1940இல் வந்த தடை 1971 வரை நீடித்தது. கமகத்துக்கு இடம் கொடுக்காது, சுருதி நுட்பத்தை மழுங்கடிக்கும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ராக இசையின் பக்கம் நின்று பார்த்தால் அவற்றில் நியாயம் உண்டு. ஆனால் வானொலி குறை என்று கண்டதே திரையிசை அறையில் வாசலாக அமைந்தது. ஆர்மோனியத்தின் சுரம் அசையாது. அசையாத சுரங்களைத்தான் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியும். இடக்கை துருத்தியை அமுக்க, வலக்கை மெட்டோடு இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் நாடக மேடையிலிருந்து ஸ்டுடியோவுக்கு வந்தது. கார்டு என்ற பெயர் தெரியாமலே கார்டு ஒலித்தது.

அந்த விசுவநாதன்தான் 1975இல் கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காக மகதியில் ‘அதிசய ராகம்’ பாடலை அமைத்தார். கே.ஜே. யேசுதாஸ் பாடியது. மகதி, எம். பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய நான்கு சுர ராகம்.

4. மகதியும் லவங்கியும்

ராகத்துக்குக் குறைந்தது ஐந்து சுரம் வேண்டும் என்பது மரபான கருத்து. நான்கு சுரங்களை வைத்துக்கொண்டு ராகம் என்று பெயரிடலாமா, அதைப் ‘படைத்தேன்’ என்று ஒருவர் சொல்லலாமா என்று வீணை எஸ். பாலசந்தர் வெளிப்படையாக எதிர்த்து வாதிட்டது இசையுலகம் அறிந்த சர்ச்சை. அதன் தீர்ப்பு நமக்கு இங்கே தேவையில்லை. செவிப்பயிற்சி நோக்கில் அந்த நான்கு சுர ராகங்கள் கிடைத்தற்கரிய சோதனைக் களங்கள். ஒரு கார்டின் சுரங்கள் மட்டுமே, கூடுதலாக எதுவும் இல்லாமல், ராகமாகப் பாடப்பட்ட நிகழ்வு வேறெங்கே கிடைக்கும்?

மகதி, முன்பே சொன்னபடி, டாமினன்ட் செவன்த்தின் நான்கு சுரங்கள். அந்தக் கார்டின் பதற்றத்துக்கு மேலைநாட்டுப் பாடநூல்கள் காட்டும் காரணம், அந்தர காந்தாரத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே உள்ள ஆறு அரைச்சுர இடைவெளி. காந்தாரம் மேலேறி மத்யமத்தில் அடங்கவும், நிஷாதம் கீழிறங்கித் தைவதத்தில் அடங்கவும் இழுக்கும் என்பார்கள். மகதியில் மத்யமமும் இல்லை, தைவதமும் இல்லை. அடங்கப் போவதற்கு இடமே கிடையாது. ஆயினும் அதைப் பாடும்போது யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. நிஷாதம் நிஷாதமாகவே நின்று ஒலிக்கிறது. காரணம், கீழே தம்புரா சட்ஜத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘வீடு இங்கேதான்’ என்று செவிக்கு உறுதி கிடைத்துவிடுகிறது.

பாலமுரளிகிருஷ்ணாவின் லவங்கி இன்னும் சுவாரசியமானது. ச, சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், சுத்த தைவதம் என்ற நான்கே சுரங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் செவன்த் எதுவும் தெரியாது. ரிஷபத்தை அடிச்சுரமாக வைத்து எண்ணிப் பாருங்கள்: ரிஷபம் ‘ச’ ஆகும், மத்யமம் அதற்கு அந்தர காந்தாரம், தைவதம் பஞ்சமம், பழைய சட்ஜம் காகலி நிஷாதம். முழுமையான மேஜர் செவன்த்! கிடார்க்காரர்கள் இனிமை என்று மயங்கும் அதே கார்டு. ஆனால் லவங்கியைக் கேட்டு அந்த இனிமையை உணர்ந்தவரை நான் கண்டதில்லை. செவியில் விழுவது நெருக்கமும் உருக்கமும் கலந்த வேறொரு மனநிலை. சுரங்கள் நான்கும் இருந்தும் கார்டு கேட்கவில்லை; ஏனென்றால் ஆதார சுருதி, நிஷாதமாக இருக்க வேண்டிய சுரத்தைச் சட்ஜம் என்று அடித்துச் சொல்கிறது.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தடுமாற்றத்தின் இடம் புலப்படுகிறது. தமிழ்ச் செவி நிஷாதத்தைத் தவறவிடவில்லை. ஒரு நாற்காலியில் சட்ஜத்தை உட்கார வைத்துப் பழகிய செவி அது. ஒத்தும் சுருதிப் பெட்டியும் நகராது. நாதஸ்வரம் எவ்வளவு தொலைவு போனாலும் ஒத்துக்காரர் ஒரே சுரத்தில் மூச்சை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருப்பார். கார்டு ஓடும் இசையிலோ ஒவ்வொரு தாளச் சுற்றிலும் தரை மாறுகிறது. பேஸ் கிடார் ஒரு சுரம் நகர்ந்ததும் மேலே உள்ள அத்தனை சுரங்களுக்கும் பெயர் மாற வேண்டும். நாம் மட்டும் பழைய பெயர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1722இல் பிரெஞ்சு இசையறிஞர் ராமோ தம் ஒத்திசை நூலில் முன்வைத்த அடிப்படைக் கருத்தும் இதனோடு தொடர்புடையது. கார்டு எப்படிப் புரண்டு வந்தாலும் செவி அதன் உண்மையான அடிச்சுரத்தைத் தேடிக்கொள்கிறது என்றார் அவர். அந்தத் தேடலைத்தான் நாம் பழக வேண்டியிருக்கிறது.

5. நிரம்பையிலிருந்து ஒரு சான்று

தரையை மாற்றிக் கேட்பது நமக்கு அந்நியமா? இங்கேதான் கொங்கு நாடு மறுபடியும் குறுக்கிடுகிறது. சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகள் நமக்குப் புரிவதற்குப் பெருமளவு காரணமான உரையாசிரியர் அடியார்க்குநல்லாரைக் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவராகக் கொங்கு மண்டல சதகம் போற்றுகிறது. உ.வே. சாமிநாதையர் 1892இல் அவர் உரையோடு சிலம்பைப் பதிப்பித்தபோதுதான் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும், அவற்றில் பிறக்கும் பாலைகள் என்ற சுரத்தொகுதிகளும் மீண்டும் பேச்சுக்கு வந்தன. அவ்வுரை மேற்கோள் காட்டிய, காணாமற்போனதாகக் கருதப்பட்ட ‘பஞ்சமரபு’ நூலை ஏட்டிலிருந்து மீட்டு 1970களில் பதிப்பித்த வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரும் கொங்கு நாட்டுப் புலவரே.

சிலம்பின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள் ஆயர்குலத்து மாதரி. வட்டத்துக்குத் தலை எது, கால் எது? யாரைக் குரலாகக் கொள்கிறோமோ அவரிடமிருந்து எண்ணிக்கை தொடங்கும். இதுவே பண்ணுப் பெயர்த்தல். இன்று கிரக பேதம் என்கிறோம். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்திலும், விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூ’லிலும் இதை விரிவாக ஆராய்ந்தனர். எந்தப் பாலை இன்றைய எந்த ராகம் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. செம்பாலை ஹரிகாம்போதியே என்ற முடிவை இன்று பலரும் ஏற்கிறார்கள். நானும் அதை வைத்தே மேலே செல்கிறேன்.

செம்பாலையில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் குரல், கைக்கிளை, இளி, தாரம். அது டாமினன்ட் செவன்த். துத்தத்தைக் குரலாக்கினால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. அங்கே ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் மைனர் செவன்த். உழை குரலானால் அரும்பாலை, நம் சங்கராபரணம். மேஜர் செவன்த் கிடைக்கும். இளியில் கோடிப்பாலையும் விளரியில் விளரிப்பாலையும் (கரகரப்பிரியாவும் தோடியும்) மைனர் செவன்த் தருகின்றன. தாரத்தில் பிறக்கும் மேற்செம்பாலை கல்யாணி. மறுபடியும் மேஜர் செவன்த். எஞ்சியது கைக்கிளையில் பிறக்கும் செவ்வழிப்பாலை. அதற்கு முறையான பஞ்சமம் கிடையாது. மேளகர்த்தாத் திட்டத்தில் அதற்கு இடம் கிடைக்காததன் காரணமும் அதுவே. அங்கே பிறப்பது ஹாஃப் டிமினிஷ்ட். ஏழு பாலைக்கு ஏழு கார்டு: ஒரு டாமினன்ட், இரண்டு மேஜர், மூன்று மைனர், ஒரு ஹாஃப் டிமினிஷ்ட்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். பண்டைத் தமிழர் செவன்த் கார்டு வாசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் துணிவோர் உண்டு. அதற்குச் சான்று கிடையாது. சுரங்களை அடுக்கி ஒலிப்பது வேறு, ஒரே சுரத்தொகுதியில் ஆதாரத்தை மாற்றிக் கேட்பது வேறு. நம்மிடம் இருந்தது இரண்டாவது. கார்டை அறிவதற்கு மிகவும் தேவைப்படும் திறமையும் அதுவே என்பதுதான் என் வாதம்.

6. பாமாலையும் தேர்வு அறையும்

கார்டோடு பிறந்து வளர்ந்த தமிழ்ச் செவியும் கோவையில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. தேவாலயங்களில் ‘கீர்த்தனை’ ஒரு புத்தகம், ‘பாமாலை’ இன்னொரு புத்தகம். கீர்த்தனை ராக மெட்டில் வருவது. பாமாலை மேலைநாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல் அமைத்தது, ஆர்கனோடு நான்கு குரலில் பாடப்படுவது. பாடகர் குழுவில் பேஸ் பாடி வளர்ந்த பையனுக்கு அடிச்சுரம் நகர்வது உடம்பில் ஊறிய செய்தி. ‘ஆமென்’ வருவதற்குச் சற்று முன் எங்கே நிஷாதம் உரசும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மதிலுக்குள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிலையான ஆதாரமும் நகரும் ஆதாரமும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. ‘இந்தியச் செவி’ என்று பொதுமைப்படுத்துவோர் இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

லண்டன் வாரியங்களின் கிரேடு தேர்வுகளுக்குப் படிப்போரின் நிலை வேறு. உயர் கிரேடுகளின் செவித் தேர்வில் ஒரு பகுதியின் முடிவில் வரும் கார்டுகளைப் பெயர் சொல்லக் கேட்பார்கள். டாமினன்ட் செவன்த் அப்பட்டியலில் இடம்பெறும். பிள்ளைகள் பழைய வினாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ‘இப்படி முடிந்தால் இது’ என்று பழகித் தேறிவிடுகிறார்கள். பிறகு ஒரு திரைப்பாட்டின் நடுவில் அதே கார்டு வந்தால் கண்டுகொள்வதில்லை. தேறுவது அவர்களின் உழைப்பு. பயிற்சிதான் குறுகலாக இருக்கிறது.

7. ஒரு பயிற்சி முறை

மேற்கண்டவற்றிலிருந்து பிறக்கும் முறை எளியது. ஓர் ஆர்மோனியமும், சுருதியை உடனுக்குடன் மாற்றத்தக்க ஒரு பெட்டியோ கைப்பேசிச் செயலியோ போதும். ஐந்து கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளில் மட்டும் வாசித்தால் ஹரிகாம்போதி. அதில் ச-க-ப-நி பாடுங்கள். பிறகு சேர்த்து அழுத்துங்கள். அடுத்துச் சுருதிப் பெட்டியை ஆறு கட்டைக்கு மாற்றி, அதைச் சட்ஜமாக ஏற்று, அங்கிருந்து ச-க-ப-நி. காந்தாரம் எது, நிஷாதம் எது என்று சுரம் சொல்லிப் பாடிய பிறகே அழுத்த வேண்டும். இப்படி ஏழு இடங்களையும் சுற்றி வர வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் சுரங்களைத் தொடாமல் தரையை மட்டும் மாற்றுவது. மோகனத்தின் ச, க, ப, த நான்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். சுருதிப் பெட்டி சட்ஜத்தில் ஒலிக்கும்வரை அது பளிச்சென்ற மோகனம். பெட்டியைக் கீழ்த் தைவதத்துக்கு மாற்றினால், விரல் அசையாமலே, அது மைனர் செவன்த். மோகனம் தைவதத்தில் கிரக பேதமாகும்போது சுத்த தன்யாசி பிறக்கிறதே, அதன் நிழல் இது. இப்போது காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக்குங்கள். சட்ஜத்தில் நின்றால் சிவரஞ்சனி. தைவதத்தில் நின்றால் ஹாஃப் டிமினிஷ்ட். ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்றோர் கிரக பேதம் செய்தபோது, தம்புரா நகராதிருக்க, மனத்துக்குள் சட்ஜத்தை நகர்த்திக் காட்டினார்கள். மனத்தில் நடந்த அதே வேலையைச் சுருதிப் பெட்டி வெளியே செய்து காட்டுகிறது.

டிமினிஷ்ட் செவன்த்தை இந்த முறையில் சோதிப்பவர் ஒரு வியப்பைச் சந்திப்பார். ச, சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம் என்ற நான்கும் சம இடைவெளியில் நிற்பதால், நான்கில் எதைத் தரையாக்கினாலும் அதே கார்டுதான் கேட்கும். பன்னிரண்டு கட்டைகளுக்கும் மொத்தம் மூன்றே டிமினிஷ்ட் செவன்த்கள். திரைப்படத்தில் ஆபத்தான கட்டங்களுக்கு இக்கார்டு இவ்வளவு பயன்படுவதற்கு, அதில் வீடு எங்கே என்று செவியால் தீர்மானிக்க முடியாததே காரணம் என நினைக்கிறேன்.

மூன்றாம் கட்டம் பெட்டியை அணைத்துவிட்டுப் பாட்டில் கேட்பது. இதற்குக் கிடாரில் உதிர்த்து வாசிக்கும் பகுதிகள் நல்ல பாலம். கோவைத்தம்பி தயாரித்து 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். சுரங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, ஆனால் முன்னது அழியாமல் நிற்க அடுத்தது சேர்கிறது. ராகம் கேட்கும் செவிக்கு வரிசையும், கார்டு தேடும் செவிக்கு அடுக்கும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கொத்திலும் மிகத் தாழ்ந்த சுரத்தை முதலில் முனகிப் பிடியுங்கள். பெயர் அப்புறம் வரட்டும்.

8. இரண்டு மறுப்புகள்

இம்முறைக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. முதலாவது கமகம். தோடியின் காந்தாரமும் கரகரப்பிரியாவின் காந்தாரமும் தாளில் ஒரே சாதாரண காந்தாரம். பாடும்போது ஒன்றின் அசைவு மற்றதற்கு வராது. நம் செவி சுரத்தை அதன் நிற்கும் இடத்தைக் கொண்டு மட்டும் அறிவதில்லை, அசையும் விதத்தைக் கொண்டும் அறிகிறது. அசைவற்ற கார்டுச் சுரத்தில் அந்த அடையாளம் பறிபோகிறது. இந்த மறுப்பு வலுவானது. என் விடை பாதிதான்: சரளி, ஜண்டை வரிசைகளை மாயாமாளவகௌளையோடு நிறுத்தாமல் மற்ற மேளங்களிலும் அசைவின்றிப் பாடிப் பழகியவர்களுக்கு இந்த இழப்பு குறைகிறது. ஆனால் தோடியிலேயே ஊறியவருக்கு விளரிப்பாலையின் மைனர் செவன்த் நெடுநாள் தோடியாகத் தோன்றாது. அதற்குக் குறுக்குவழி எனக்குத் தென்படவில்லை.

இரண்டாவது, தரையை நகர்த்தப் பழகினால் சுருதி சுத்தம் கெடும் என்ற அச்சம். ஆசிரியர்கள் சிலர் இதை மனப்பூர்வமாகவே சொல்கிறார்கள், அவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது. பாமாலையும் கீர்த்தனையும் பாடும் குழுக்களைக் கேட்டவரை எனக்கு அந்த அச்சம் தோன்றவில்லை. கீர்த்தனைக்கு வரும்போது அவர்கள் சட்ஜத்தில் உறுதியாக நிற்கிறார்கள். ஆர்கன் எழுந்ததும் பேஸ் குரல் தன் பாட்டுக்கு இறங்கிப் போகிறது, மேலே இருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார்கள்.